கோபாலுக்கு வறுத்த கருவாடு

இசக்கியம்மாளுக்குப் பூனை என்றாலே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இப்போது லேக் கார்டன்ஸில் அந்தத் தெருவுக்குப் போய் அவள் வீட்டை விசாரித்தால், "அந்தப் பூனைக்கார பௌதியா?" என்று கேட்டுத்தான் வழி காட்டுகிறார்கள். பௌதி என்றால் அண்ணி. கல்கத்தாவில் கல்யாணமான பெண் தெருவுக்கே அண்ணிதான், அதில் அவளுக்கு வருத்தமில்லை. பூனைக்காரி என்பதில்தான் வயிற்றெரிச்சல். இத்தனை வருஷமாக மாவு அரைத்து விற்று, அந்தத் தெருவையே இட்லி தின்ன வைத்தவள் அவள். மாவுக்கார பௌதி என்று கௌரவமாக இருந்த பேரை ஒரு கடுவன் பூனை கெடுத்துவிட்டுப் போய்விட்டது.

அவள் பிறந்தது தூத்துக்குடி. புருஷன் சண்முகத்துக்கும் அதே ஊர்தான். அவருக்குத் துறைமுகத்தில் கிரேன் பழுது பார்க்கிற வேலை கிடைத்ததால், கல்யாணமான கையோடு கிடர்பூர் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தாள். நாள் முழுக்க லாரிச் சத்தமும் டீசல் புகையும்தான் என்றாலும் அங்கே ஒரு சௌகரியம் இருந்தது. பக்கத்து வீடு ராமநாதபுரம், எதிர்வீடு விசாகப்பட்டினம். யார் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள். மகள் தீப்தியின் பள்ளிக்கூடத்துக்காக லேக் கார்டன்ஸில் தரைத்தளத்து வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான், அடுப்பில் வேகிறதற்கும் ஊரார் அனுமதி வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்தது.

குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் சீலா கருவாடு வறுத்தாள். இரண்டாவது துண்டைத் திருப்பிப் போடுவதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. முன்னால் நின்றவர் மூன்றாம் மாடி ரஞ்சன் பாபு, அந்தக் கட்டடத்தின் செக்ரட்டரி, பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மூக்கில் கைக்குட்டை. பின்னால் இரண்டாம் மாடி மாஷிமா, கட்டடத்துக்கே சித்தி, அவள் மூக்கில் முந்தானை.

"ஷுட்கி!" என்றார் ரஞ்சன் பாபு, பிணத்தைக் கண்டவர் போல. "பௌதி, இந்தக் கட்டடத்தில் ஷுட்கி சோல்பே நா!"

ஷுட்கி என்றால் கருவாடு. சோல்பே என்றால் நடக்கும், செல்லும்; கூட ஒரு நா சேர்ந்தால் நடக்காது, செல்லாது, கூடவே கூடாது. வங்காளத்தில் அவள் முதலில் தெளிவாகக் கற்றுக்கொண்ட வார்த்தை அதுதான். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். காலையில் மீன், மத்தியானம் மீன், கல்யாணச் சீரில் மீனுக்குப் புடவை கட்டி மூக்குத்தி மாட்டி அனுப்புகிற ஜனங்கள்! அதே மீனை நாலு நாள் வெயிலில் போட்டால் மட்டும் நாறுமாம். அவள் வீட்டு சாம்பார் மணக்குமாம், தோசை மணக்குமாம், கருவாடு மட்டும் நாறுமாம். கல்கத்தாவிலேயே கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த குடும்பங்கள் இதை உயிராகத் தின்னும் என்று தீப்தி சொன்னாள். ஆனால் இசக்கியம்மாளின் நேரம், அந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு வீடுகூட இல்லை.

"வாடகைக்கு இருக்கோம்ட்டி. எதுக்கு வம்பு, விட்டுரு" என்றார் சண்முகம்.

விட்டுவிட்டாள். சண்முகத்துக்கு என்ன, கிடர்பூரில் கூட வேலை பார்க்கிறவர் வீட்டில் மாதம் ஒரு தடவை கருவாட்டுக் குழம்பு கிடைத்துவிடும். தின்றுவிட்டுச் சட்டையெல்லாம் வாசனையோடு வந்து நிற்பார். அந்தச் சட்டையைத் துவைக்கிறதுதான் இசக்கியம்மாளுக்குக் கிடைத்தது. அவள் தங்கை வருஷா வருஷம் யார் கையிலாவது ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புவாள். போன தடவை வந்தது பரணில் ஒரு தகர டப்பாவுக்குள், உறைமேல் உறை போட்டுக் கிடந்தது. அதைத் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, திறக்கவும் வழியில்லை.

இந்த நிலையில்தான் கோபால் விழுந்தான்.

கோபால் என்பது ரஞ்சன் பாபுவின் பூனை. மனைவி செத்துப்போன பிறகு அந்த மனிதருக்கு வீட்டில் பேச்சுத்துணை அது ஒன்றுதான். விடிந்ததிலிருந்து மாடியிலிருந்து "கோபால், கோபால்" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அதுவோ மூன்றாம் மாடியில் மீன் தின்றுவிட்டு, இசக்கியம்மாளின் கொல்லையில் வந்து மாவுச் சட்டியை மோந்து பார்க்கும். அவள் விளக்குமாற்றை ஓங்குவாள். இவ்வளவுதான் அவர்களுக்குள் இருந்த உறவு.

அன்றைக்கு அவள் கொல்லையில் கிரைண்டர் கழுவிக்கொண்டிருந்தாள். மேலே புறாக்கள் படபடத்தன. அடுத்த நொடி தகரக் கூரையில் படாரென்று ஒரு சத்தம், பிறகு சிமெண்டுத் தரையில் இன்னொன்று. திரும்பினால் கோபால் கிடக்கிறான். வாயெல்லாம் ரத்தம். மோவாய் நடுவில் பிளந்து தனியாகத் தொங்குகிறது. நெஞ்சு மட்டும் வேகமாக ஏறி இறங்குகிறது.

"சனியனே, சாகுறதுக்கு எங் கொல்லதான் கெடச்சுதா!" என்று கத்திக்கொண்டே அவள் இடுப்பில் செருகியிருந்த துண்டை உருவி அதன்மேல் போட்டாள். மேலே பால்கனியிலிருந்து ரஞ்சன் பாபு வாயைத் திறந்தபடி எட்டிப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு மேற்கொண்டு திட்ட வரவில்லை.

மாவுப் பாக்கெட் அடுக்குகிற பிளாஸ்டிக் கூடையில் பூனையை வைத்து, தீப்தியும் அவளும் ரஞ்சன் பாபுவுமாக ஆட்டோவில் டாக்குரியா மிருக ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டர் தாரா சின்னப் பெண்தான். பார்த்த உடனே பூனையை ஆக்சிஜன் கூண்டில் வைத்துவிட்டு, எக்ஸ்ரே எடுத்தாள். தாடை நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது, நுரையீரலிலும் அடி. மூச்சு கொஞ்சம் நிதானப்பட்ட பிறகு, பயந்து பயந்து மயக்கம் கொடுத்து, தாடையைக் கம்பியால் சேர்த்துக் கட்டினாள். வாயால் சாப்பிட முடியாது என்று கழுத்தின் பக்கவாட்டில் ஒரு மெல்லிய குழாய் சொருகித் தைத்தாள். அதன் வழியாக ஊசி போடாத சிரிஞ்சால் கூழை மெதுவாகச் செலுத்த வேண்டும், வேகமாகச் செலுத்தினால் வாந்தியெடுத்து மூச்சடைத்துப்போகும் என்றாள்.

"வீட்டில் யார் இதைச் செய்வீர்கள்?" என்று டாக்டர் கேட்டாள்.

ரஞ்சன் பாபு இரண்டு கையையும் நீட்டினார். கொஞ்ச நாளாகவே அவருக்குக் கை நடுக்கம். டீக் கோப்பை பிடித்தாலே பாதி தரையில் சிந்தும். நீட்டிய கையைத் தானே பார்த்துவிட்டு மடக்கிக்கொண்டார்.

"அம்மா பாத்துப்பா" என்றாள் தீப்தி.

அம்மா என்று ஒருத்தி பக்கத்திலேயே நிற்கிறாளே, அவளை ஒரு வார்த்தை கேட்போம் என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றவில்லை. ஆட்டோவில் ஏறினதும் இசக்கியம்மாள் பிடித்துக்கொண்டாள். "எவளைக் கேட்டுட்டி சொன்ன? நான் மாவு அரைப்பேனா, இதுக்குக் கூழ் கரைப்பேனா?"

"மா, ப்ளீஸ். உனக்குக் கை ஸ்டெடி. நான் ஹெல்ப் பண்றேன்."

தீப்தியின் ஹெல்ப் முதல் நாள் ஒரு போட்டோ எடுத்ததோடு முடிந்தது. மறுநாளிலிருந்து அவளுக்குப் பரீட்சை.

டாக்டர் கொடுத்தனுப்பிய கூண்டு வந்து கூடத்தில் டிவிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் உட்கார்ந்தது. முள் எடுத்து வேகவைத்த ருயி என்கிற கெண்டை மீனை அரைக்க, இசக்கியம்மாளின் சட்னி ஜார் பலியாயிற்று. அரைத்து, துணியில் வடிகட்டி, வெதுவெதுப்பாக்கி, சிரிஞ்சில் இழுத்து, ஒரு கையால் பூனையை அணைத்துக்கொண்டு, மறு கையால் சொட்டுச் சொட்டாகச் செலுத்த வேண்டும். பிறகு குழாய் அடைக்காமல் தண்ணீர் விட வேண்டும், கழுத்துக் கட்டை மாற்ற வேண்டும். கோபால் கடிக்க முடியாத குறையை நகத்தால் தீர்த்துக்கொண்டான். அவள் முன்னங்கையெல்லாம் கீறல். மாவு வாங்க வருகிறவர்கள் மாவை விட்டுவிட்டுக் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார்கள். ஆளுக்கொரு யோசனை, ஐயோ பாவம் என்று ஆளுக்கொரு "ஆஹா ரே!" ஒருத்தியாவது சிரிஞ்சைக் கையில் வாங்கினாளா என்றால், இல்லை.

ரஞ்சன் பாபு காலையில் வந்தால் மத்தியானம் வரை ஒரு பிரம்பு மோடாவில் உட்கார்ந்திருப்பார். அவருக்கும் டீ போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. "ஊரான் பூனைக்கும் நாந்தான் சோறு ஊட்டணும், ஊரானுக்கும் நாந்தான் டீ போடணும்" என்று அவள் தமிழில் முணுமுணுப்பாள். அவர் தமிழ் தெரியாமல் தலையாட்டுவார்.

இப்படியே ஓடியிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் அவள் மாவை வழித்துக்கொண்டிருந்த நேரத்தில், கோபால் பின்னங்காலால் கழுத்தைச் சொறிந்து, தையலோடு குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டான்.

டாக்டர் தாரா புண்ணைப் பார்த்து உதட்டைக் கடித்தாள். "திரும்பக் குழாய் போட வேண்டுமென்றால் திரும்ப மயக்கம் கொடுக்க வேண்டும். இந்த நுரையீரல் இன்னொரு தடவை தாங்கும் என்று என்னால் சொல்ல முடியாது. தாடை ஓரளவு கூடியிருக்கிறது, அதனால் நக்கித் தின்ன முடியும். தானாகத் தின்ன வேண்டும். பூனை பட்டினி கிடந்தால் ஈரல் கெட்டுப்போகும். நாளை மறுநாள் வரை பார்ப்போம்."

ரஞ்சன் பாபு ஆட்டோவில் வழி நெடுகக் கூடையின் மூடியில் கையை வைத்துக்கொண்டே வந்தார்.

சேதி பரவியதும் கட்டடமே கிண்ணத்தோடு இறங்கி வந்தது. மாஷிமா இலிஷ் மீனின் எண்ணெய், முதல் மாடி கோழிச் சாறு, எதிர்வீட்டில் பால், மூலைக்கடைக்காரன் சந்தேஷ் இனிப்பு. பூனைக்கு சந்தேஷ்! கோபால் எல்லாவற்றிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூக்கில் ரத்தம் காய்ந்து அடைத்து, முகம் இன்னும் வீங்கித்தான் இருந்தது. தீப்தி டாக்டருக்கு போன் போட்டாள். மூக்கை வெந்நீர்ப் பஞ்சால் துடைத்துவிடுங்கள், வாசம் தெரியாவிட்டால் பூனை சாப்பிடாது, நல்ல காட்டமான வாசனை உள்ளதாகப் பார்த்துக் காட்டுங்கள், ஆனால் உப்பும் மசாலாவும் வாயில் படக் கூடாது என்றாள் டாக்டர்.

அன்று சாயங்காலம் வரை ரஞ்சன் பாபு கூண்டின் முன் தரையிலேயே உட்கார்ந்து, விரலில் மீன் கூழைத் தொட்டு நீட்டிக்கொண்டிருந்தார். விரல் நடுங்கி நடுங்கிக் கூழ் முழுக்கக் கம்பியில் ஒட்டியது. "தின்னு கோபால், ஒரு வாய் தின்னு" என்று கெஞ்சினார். இசக்கியம்மாளுக்குக் கோபம் கோபமாக வந்தது. பூனைமேல் கோபம், இந்த மனிதர்மேல் கோபம், பரீட்சைக்குப் படிக்கிற மகள்மேல் கோபம். இத்தனை நாள் சொட்டுச் சொட்டாக ஊட்டி வளர்த்தது, அவள் கண்முன்னால் பட்டினி கிடந்து சாகப் போகிறது. அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு கடுவனுக்காக அழுகிறோமே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

மறுநாள் மத்தியானம், ரஞ்சன் பாபு சாப்பிட மேலே போனதும், அவள் ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறினாள். அன்றைக்கு லீவில் இருந்த சண்முகம் பதறிக்கொண்டு வந்தார்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"காட்டமா வாசனை வேணும்னு டாக்டரம்மா சொன்னாள்லா. இதவிடக் காட்டம் இந்த ஊர்ல எங்க இருக்கு?"

"கட்டடமே திரண்டு வந்துரும்ட்டி! வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாங்க!"

"வரட்டும். வாரவுகள்ட்ட இந்தப் பூனையத் தூக்கிக் கையில குடுத்துருதேன். ஊட்டிப் பாக்கட்டும். நீங்க அந்தச் சன்னலத் தொறந்து வச்சிட்டுத் தள்ளி நில்லுங்க."

டப்பாவைத் திறந்ததும் தூத்துக்குடியே கூடத்துக்குள் வந்து நின்ற மாதிரி இருந்தது. தோசைக்கல் காய்ந்து புகைகிற பதத்தில் சீலாத் துண்டுகளைப் போட்டாள். சுரீரென்றது. புகை கிளம்பிக் கூடம் தாண்டி, படிக்கட்டு ஏறி, மாடி மாடியாக விசாரித்துக்கொண்டு போயிற்று. மேலே ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்துகிற சத்தம் கேட்டது.

கோபாலின் மூக்கை வெந்நீர்ப் பஞ்சால் இன்னொரு தரம் துடைத்துவிட்டு, உப்பில்லாத ருயிக் கூழைத் தட்டில் கூண்டுக்குள் வைத்தாள். வறுத்த துண்டுகளைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, தண்ணீர் ஊற்றிய பழையதோடு கூண்டை ஒட்டி உட்கார்ந்தாள். சும்மா காட்டுவதற்கு எதற்கு, தின்றுகொண்டே காட்டுவோம் என்று ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு நிமிஷம் அவளுக்குப் பூனை ஞாபகமே இல்லை.

தும்மல் சத்தம் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தாள். கோபால் இன்னொரு தடவை தும்மினான். மூக்கிலிருந்து கருப்பாகக் கட்டி ஒன்று தெறித்து விழுந்தது. காது இரண்டும் அவள் தட்டுப் பக்கம் திரும்பின. தள்ளாடி எழுந்தான். கம்பியை மோந்தான், அவள் விரலை மோந்தான், குனிந்தான். கூழில் நாக்கை வைத்தான். எடுத்தான். மறுபடியும் வைத்தான்.

கதவு இடிபட்டது. "பௌதி! ஷுட்கி! மறுபடியுமா! எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்..." என்று மூக்கில் கைக்குட்டையோடு உள்ளே வந்த ரஞ்சன் பாபு அப்படியே நின்றுவிட்டார். கூடத்தில் பூனை நக்குகிற சத்தம் சளக் சளக்கென்று கேட்டது. கைக்குட்டை மூக்கிலிருந்து கண்ணுக்குப் போயிற்று.

"புகை" என்றார்.

"ஆமாமா, புகைதான்" என்றாள் இசக்கியம்மாள் தமிழில்.

அதற்குப் பிறகு கோபால் வைத்த சட்டம் ஒன்றுதான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கருவாடு தின்றால் அவன் கூழைத் தின்பான். அவள் எழுந்துபோனால் நிறுத்திவிடுவான். ஆகவே மூன்று வேளையும் கருவாடு வறுபட்டது. மாஷிமா சாம்பிராணி கொளுத்தினாள், முதல் மாடியில் ஃபேனைத் திருப்பி வைத்தார்கள், ஆனால் வாயைத் திறந்து ஒருத்தரும் பேசவில்லை. செக்ரட்டரியின் பூனை ஆயிற்றே. சண்முகம் தட்டை நீட்டினால், "இது மருந்து. ஒங்களுக்கு என்ன தாடையா பேந்திருக்கு?" என்று இழுத்துக்கொள்வாள். டப்பாவிலும் மெல்ல மெல்ல அடி தெரிய ஆரம்பித்தது.

கம்பி பிரித்த அன்று டாக்டர் தாரா தாடையை அழுத்திப் பார்த்துவிட்டு, "இனி எல்லாம் தின்னலாம்" என்றாள். நடை கொஞ்சம் கோணல், சிரித்தால் ஒரு பக்கம் பல் தெரியும், மற்றபடி முழுப் பூனை. ரஞ்சன் பாபு கூண்டோடு தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனார். விட்டது சனி என்று இசக்கியம்மாள் கூடத்தைக் கழுவிவிட்டாள். கூண்டு இருந்த இடம் காலியாக இருந்தது. கூழ் அரைக்கிற நேரத்தில் கை தானாக மீனைத் தேடியது. "ச்சீ, இது என்ன கூத்து" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் ரஞ்சன் பாபு வாசலில் நின்றார். "பௌதி, கோபால் மேலே ஒன்றும் தின்ன மாட்டேன் என்கிறான். இலிஷ் வைத்தேன், மோந்து பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். கொஞ்சம்... அந்த..." அந்த வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

இசக்கியம்மாள் தகர டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்துக் காட்டினாள். உப்புதான் உதிர்ந்தது. "எல்லாம் ஒங்க கோபாலுக்குத்தான் போச்சு. எந் தங்கச்சி இனி அடுத்த வருஷம்தான் குடுத்து விடுவா" என்று வங்காளமும் தமிழுமாகச் சொன்னாள். அவர் மேலே போய்க் குடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார்.

திரும்பி வந்தபோது சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. சியால்தா பக்கம் போய் விசாரித்து விசாரித்து வாங்கியிருக்கிறார். மூன்று பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, வெடிகுண்டு மாதிரி கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வந்தார். பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை என்றார். வறுக்கத் தெரியாது, மேலே வந்து வறுத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

"வேல இருக்கு எனக்கு, மாவு பொங்கி வழியுது" என்று சொல்லிக்கொண்டே தோசைக்கல்லை எடுத்துக்கொண்டு அவள் மாடி ஏறினாள்.

செக்ரட்டரியின் அடுப்படி துடைத்து வைத்த மாதிரி இருந்தது. கல் காய்ந்தது. கருவாடு விழுந்தது. கோபால் உள்ளிருந்து நொண்டிக்கொண்டு ஓடி வந்து அவள் காலில் உரசினான். புகை வாசல் வழியே வெளியேறி இந்தத் தடவை மேலிருந்து கீழே இறங்கியது. கொஞ்ச நேரத்தில் மாஷிமாவின் குரல் படிக்கட்டில் கேட்டது. "ரஞ்சன் பாபு! கேட்பார் இல்லையா? அந்த மதராஸி வீட்டில் மறுபடியும் ஷுட்கி! பூனைதான் குணமாகிவிட்டதே, இனி எதற்கு?"

ரஞ்சன் பாபு கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னாலிருந்து ஒரு குப்பென்ற புகை மாஷிமாவின் முகத்தில் போய் அடித்தது.

"அவர்கள் வீட்டில் இல்லை, என் வீட்டில்" என்றார். "நான்தான் வாங்கி வந்தேன்."

"ஷுட்கியா? நீங்களா?"

"ஷுட்கிதான்" என்றார் அவர். "சோல்பே."

அடுப்படியில் நின்ற இசக்கியம்மாளின் கை அப்படியே நின்றது. இத்தனை வருஷம் ஆயிற்று. இந்த மனிதர் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வர, ஒரு பூனை மூன்றாம் மாடியிலிருந்து விழ வேண்டியிருந்திருக்கிறது, அவள் கையெல்லாம் கீறல் வாங்க வேண்டியிருந்திருக்கிறது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. துண்டு கருகுகிற வாசனை வந்ததும் சட்டென்று திருப்பிப் போட்டாள். பிறகு அவருக்கும் சேர்த்து ஒரு துண்டு போட்டாள். தின்றால் தின்னட்டும், இல்லாவிட்டால் அதையும் அவளே தின்றுகொள்வாள்.